யாராவது திறந்தால் கடிதம் போகும்

சின்னவளுக்குப் பொய் எழுத வராது. பேசச் சொன்னால் எதையும் பூசி மெழுகிவிடுவாள். கேட்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டால் மனதில் இருப்பதுதான் விரலில் வரும். அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். மென்பொருளைக் குறை சொன்னால் அது பாவம்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர்கள் துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டன. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் இருவரும் நர்சரி வைத்திருந்தார்கள். விதை, நாற்று, தொட்டிச் செடி. மண்ணும் செடியும் பெரியவள் பொறுப்பு. கல்லாவும் கம்ப்யூட்டரும் சின்னவள் பொறுப்பு. கணவன்மார்கள் ஆளுக்கொரு ஆபீஸில் வேலை பார்த்ததால் ஞாயிற்றுக்கிழமை உர மூட்டை தூக்குவதோடு சரி. அதற்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார்கள்.

கடைக்கு ஒரு இணையதளம் உண்டு. சின்னவள் அதில் வாரம் ஒரு குறிப்பு எழுதுவாள்: தக்காளி இலை ஏன் சுருள்கிறது, புதினாவை எப்படிக் கட்டுப்படுத்துவது, ரோஜாவோடு எப்படிச் சண்டை போடாமல் இருப்பது. போடுவதற்கு முன் அதைப் பெரியவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெரியவள் நிழல்வலைக்குக் கீழே நின்று தொட்டிகளில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்பாள். சரியாக இருந்தால் "ம்" என்பாள். தப்பாக இருந்தால் "ம்?" என்பாள். வேறு பாராட்டோ திட்டோ அவளிடம் கிடைக்காது. தளத்தைத் திறந்து அவளே படித்துக்கொள்ளலாமே என்றால், "போன்ல பேசத் தெரியும், வைக்கத் தெரியும். அதுக்கு மேல எனக்கு எதுக்கு?" என்பாள்.

குறிப்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. தளம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் நம்மைத் தேடி வராவிட்டால் நாம் அவர்களைத் தேடிப் போவோம் என்று சின்னவள் ஒரு முடிவுக்கு வந்தாள். விதை வாங்கும்போது பிரியப்பட்டு மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு வாரா வாரம் கடிதம் அனுப்ப இலவச நியூஸ்லெட்டர் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எல்லோரிடமும் சொன்ன காரணம் இதுதான்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல் வந்திருந்தது. இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். மாற்றல் என்றால் பழியைக் கம்பெனி தலையில் போட்டுவிடலாம். ஆனால் அவர் அவளிடம், "வேண்டாம்னும் சொல்லலாமாம். நீ என்ன சொல்றே?" என்று கேட்டிருந்தார். கொஞ்சமும் யோசிக்காமல் "போலாம்" என்று சொன்னது சின்னவள்தான். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. பெரியவளிடம் எப்படிச் சொல்வது? தான் இல்லாவிட்டாலும் கடை ஓட வேண்டுமே என்றுதான் இந்த மென்பொருள் அவசரமெல்லாம். வீட்டுக்காரரோ, "நீ அண்ணிகிட்ட சொல்லு, அப்புறம் நான் அண்ணன்கிட்ட சொல்றேன்" என்று நைசாக நழுவிக்கொண்டார்.

இதற்கிடையில் பெரியவள் பக்கத்து மனையையும் குத்தகைக்கு எடுக்க முடிவு செய்துவிட்டாள். "ரெண்டு பேர் இருக்கோம், இந்த இடம் நமக்குப் பத்தல" என்று போன வாரம் வேலியோரமாக நடந்து காட்டினாள். மனைக்காரர் இன்று சாயங்காலம் கையெழுத்துப் போட வருகிறார். ஆக, சொல்வதென்றால் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். காலையில் சின்னவள் பூவாளியைக் கையில் எடுத்தபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கீழே வைத்தபோதும் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மென்பொருள் சொன்னபடியெல்லாம் கேட்டது. கடையின் பெயரைக் கேட்டது, கொடுத்தாள். கடைச் சின்னத்தைக் கேட்டது, ஒரு இலைப் படத்தைக் கொடுத்தாள். முகவரிகளைச் சேர்க்கச் சொன்னதும் முதலில் பெரியவளுடையதைப் போட்டாள். நாற்று வளர்க்கும் புதுக் குழித்தட்டில் முதல் விதையைப் பெரியவள் கையால் போடுவதுதான் அவர்கள் கடை வழக்கம். இதுவும் ஒரு தட்டுதானே என்று பட்டது. மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால்.

உதவிப் பக்கத்தில் ஒரு விஷயம் எழுதியிருந்தது. இலவச மென்பொருளுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. அது பாட்டுக்குத் தூங்கும். யாராவது தளத்தைத் திறந்தால் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டு, வரிசையில் இருக்கும் கடிதங்களில் ஒரு தவணையை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போகும். தவணைக்கு எத்தனை கடிதம் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். சோதனைக்காகத்தானே என்று சின்னவள் ஒன்று என்று வைத்தாள். ஆக, ஒரு ஆள் வந்தால் ஒரு கடிதம். நம் தளத்துக்கு வரும் கூட்டத்துக்கு அடுத்த வருஷம்தான் எல்லாம் போய்ச் சேரும் என்று சிரித்துக்கொண்டாள்.

அடுத்து, தனக்குத் தானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும். வேறு யாராவது என்றால் "சோதனை, சோதனை" என்று தட்டியிருப்பார்கள். சின்னவளுக்குத்தான் பொய் எழுத வராதே. வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் விரல் தன்னால் ஓடியது.

"அக்கா, நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கொழுந்தனாருக்கு மாற்றல் வந்திருக்கிறது. மறுத்திருக்கலாம். போகலாம் என்று சொன்னது நான்தான். தனி வீட்டில் ஒரு தடவையாவது இருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டுத் தூங்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு. உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் சொல்வதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. எனக்காகப் பக்கத்து இடத்தை எடுக்காதீர்கள். மன்னித்துவிடுங்கள்."

எழுதி முடித்ததும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'சோதனை அனுப்பு.' பக்கத்திலேயே உரசிக்கொண்டு இன்னொன்று, 'அனுப்பு.' சின்னவள் விரலை நீட்டின நேரம் பார்த்து நிழல்வலைக்குள்ளிருந்து பெரியவள் ஒரு குரல் கொடுத்தாள்.

"சின்னவளே! குழாய மூடினியா இல்லியா? இங்க மிளகாய் நாத்தெல்லாம் நீச்சல் கத்துக்குது!"

சின்னவள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். விரல் விழுந்த இடம் வேறு. ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் திரையில் பச்சை எழுத்தில், 'உங்கள் கடிதம் வரிசையில் சேர்ந்தது' என்று இருந்தது. வரிசையா? எந்த வரிசை? கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு மடிக்கணினியின் மூடியை அறைந்து சாத்தினாள்.

உள்ளே போய் நிறுத்திவிடலாம் என்று மூடியைத் திறக்கப் போனவள் பாதியில் கையை எடுத்துக்கொண்டாள். நிறுத்த வேண்டுமென்றால் லாகின் பண்ண வேண்டும். லாகின் பண்ணத் தளத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் அது விழித்துக்கொள்ளும். விழித்தால் ஒரு கடிதம் போகும். வரிசையில் முதல் ஆள் யார்? பெரியவள். தன் கையாலேயே முதல் இடத்தில் உட்கார வைத்தாயிற்று. திருடனைப் பிடிக்கப் போகிறவள் கதவைத் திறந்தால்தான் திருடனே உள்ளே வருவான் என்கிற நிலைமை.

பெரியவள் மின்னஞ்சல் பார்க்க மாட்டாளே என்று ஆறுதல் அடையவும் வழியில்லை. அவள் போன் எதற்கும் 'டிங்' என்று கத்தும். கத்தினால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நீட்டி, "இது எதுக்குக் கத்துதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்பாள். போன மாதம் மண் வாங்க வந்த ஒருவர் அவளுடைய பல் டாக்டரின் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் மனைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது போன் கத்தினால்? அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பாத்திரத்தைக் கழுவாமல்" என்று வாசிப்பதை நினைத்ததும் சின்னவள் போனை எடுத்தாள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"அப்படியா? நல்லதாப் போச்சு விடு" என்றார் அவர். "நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். தானாத் தெரிஞ்சுடும்."

"இப்படி ஒரு யோசனை சொல்றதுக்கு நீங்க போனை எடுக்காமலே இருந்திருக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்துச் சர்வர்காரர். தளத்துக்கு இடம் வாடகைக்கு விடுகிறவர். முகத்தைப் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். எந்தக் கோளாறானாலும் "அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அவரும் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

காத்திருந்த நேரத்தில் சின்னவள் தன் வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் தன் தளத்துக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். விதை வாங்க வந்த ஒரு அம்மா, "கீரை விதைக்கறதப் பத்தி உங்க வெப்சைட்ல போட்டு இருக்கறதா சொன்னாங்களே, பாக்கட்டுமா?" என்று போனை எடுத்தார். "ஐயோ, வேண்டாங்க! அதுல ஒண்ணுமே இல்ல, நானே சொல்றேன்" என்று பதறிக்கொண்டு கீரை விதைப்பது எப்படி என்பதை ஆரம்பம் முதல் அறுவடை வரை சொல்லி முடித்தாள். அந்த அம்மா மிரண்டுபோய் வாங்கினதற்கு மேல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

பெரியவள் வழக்கம்போல் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிழல்வலைக்குள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடக் கூடாது. கண்ணை மூடி ஓய்வெடுக்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சின்னவள் சாப்பிடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மண்தொட்டி உடைகிற சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். சர்வர்காரர் கூப்பிட்டுவிடுவாரோ என்று போனை விட்டு எழவில்லை.

ஒருவழியாகச் சர்வர்காரர் திருப்பிக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க மேடம். அணைச்சுட்டுப்..."

"சார், அதெல்லாம் வேண்டாம்!" சின்னவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. "நான் தளத்தைத் திறக்கவே கூடாது. நீங்க உங்க பக்கத்துலேர்ந்து நிறுத்த முடியுமா?"

"தாராளமா." தட்டுகிற சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுத்தார். கொட்டாவி விட்டார். "ஆச்சு மேடம். வரிசையக் காலி பண்ணிட்டேன். இனிமே நீங்க உள்ள போனாலும் ஒண்ணும் போகாது."

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்லா மேஜையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். "சார், நீங்க நல்லா இருக்கணும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

"அதுக்கென்ன மேடம். ஒண்ணே ஒண்ணுதான் போயிருக்கு."

தலை நிமிர்ந்தது. "என்னது?"

"ஒரு கடிதம் போயிடுச்சு. முதல்ல இருந்த முகவரிக்கு. சாப்பாட்டு நேரத்துல ஒரு ஆள் தளத்துக்கு வந்திருக்காங்க."

"யாரு சார்? எங்க தளத்துக்கு யாரு வருவா?"

"பேரு தெரியாது மேடம். போன்லேர்ந்து வந்திருக்காங்க. ஆனா கனெக்ஷன் உங்க கடையோடதுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தினம் வர்ற ஆளுதாங்களே. எப்பவும் இதே நேரம்தான், லீவு நாள்லயும். உண்மையச் சொன்னா உங்க தளத்துக்கு ஒழுங்கா வர்றது இவங்க ஒருத்தர்தான். யாரோ உங்க வீட்டு ஆளுன்னு நினைச்சேன்" என்றார்.

போனை வைத்ததுகூடச் சின்னவளுக்கு நினைவில்லை. எழுந்து நிழல்வலைக்குள் போனாள்.

பெரியவள் பேசிக்கொண்டிருந்தாள், காதில் போன். "இல்லைங்க, இப்போதைக்கு வேண்டாம். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க... கோபமெல்லாம் இல்லைங்க. ஒரு ஆளுக்கு இருக்கற இடமே போதும்." போனை இடுப்பில் செருகிக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி மண்ணை அள்ளினாள். அவள் காலடியில் இரண்டு தொட்டிகள் சுக்குநூறாகக் கிடந்தன. பூனை எதையும் காணோம்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

"பாத்திரத்தைக் கழுவாமத் தூங்கணுமாமே" என்றாள் பெரியவள், நிமிராமல். "இங்க மட்டும் தினம் என்ன கிழிச்ச?"

சின்னவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எது முந்துவது என்று தெரியாமல் விக்கலில் போய் நின்றது. பெரியவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுத்தாள்.

"கோபம் வந்துது. ஒரு தொட்டிய ஒடச்சேன். ஆறல. இன்னொண்ண ஒடச்சேன். அப்புறம் சரியாப் போச்சு." மண்ணைத் தட்டி அமுக்கினாள். "ஏண்டி, என்கிட்ட சொல்ல அப்படி என்ன பயம்? நான் என்ன கடிச்சா வெப்பேன்?"

"நீங்க போகாதேன்னு ஒரு வார்த்த சொன்னா இருந்துடுவேன் அக்கா. அதான் பயம்."

பெரியவளின் கை நின்றது. "போகாதேன்னு சொல்லத்தான் இருந்தேன்" என்றாள். "மூணாவது தொட்டிய எடுத்துட்டு அதத்தான் யோசிச்சேன். எனக்கும் அந்த ஆசை இருந்துது, நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல. தனியா ஒரு வீடு, எனக்குன்னு ஒரு ஜன்னல். கேக்கறதுக்கு வாய் வரல, அது அப்படியே போயிடுச்சு. நீயாவது கேட்டியே. வாயால கேக்கலேன்னாலும்."

சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போய்விட்டது. இப்போதுதான் பசிப்பது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது.

"அக்கா, தினம் மத்தியானம் தளத்தைத் திறக்கறது நீங்களா?"

பெரியவள் பூவாளியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

"போன்ல பேசத்தான் தெரியும்னு சொன்னீங்க!"

"பின்ன? நீ வாசிச்சுக் காட்டறப்ப பாதிய முழுங்கிடற. நான் என்ன செவிடா? கோர்வையா வந்துக்கிட்டு இருக்கற பேச்சு நடுவுல திடுக்குனு தாண்டிக் குதிச்சா தெரியாதா? என்னத்த முழுங்கறான்னு பாக்கலாம்னு ஒரு நாள் திறந்தேன்." பெரியவளின் காது சிவந்திருந்தது. "என்னைப் பத்தி எழுதினதெல்லாம்தான் முழுங்கியிருக்க. அப்புறம் தினம் பாக்க வேண்டியதாப் போச்சு. இல்லாத நாள் பழையதப் படிப்பேன்."

உண்மைதான். 'என் ஓரகத்தி' என்று வரும் வரிகளையெல்லாம் சின்னவள் வாசிக்கும்போது கூச்சத்தில் தாண்டிப் போய்விடுவாள். முகத்துக்கு நேரே எப்படி வாசிப்பது? படிக்க ஆளில்லை, ஆளில்லை என்று அவள் புலம்பிய நாளெல்லாம் பத்தடி தூரத்தில், மூடின கண்ணோடு ஓய்வெடுப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, ஒரு ஆள் வரி விடாமல் படித்திருக்கிறாள். சின்னவள் எழுந்து போய் மண் கையோடு நின்ற பெரியவளைக் கட்டிக்கொண்டாள். "சீ, சேறு" என்றாள் பெரியவள். விலகவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து சின்னவள் உண்மையான முதல் கடிதத்தை எழுதினாள். வழக்கப்படி நிழல்வலைக்குக் கீழே நின்று வாசித்தாள். மிளகாய் நாற்றை எப்போது மாற்றி நடுவது என்று ஆரம்பித்தது. நடுவில் அந்த இடம் வந்தது. குரல் தடுக்கியது. ஆனாலும் தாண்டவில்லை.

"என் ஓரகத்தி கையால் போட்ட விதை முளைக்காமல் நான் பார்த்ததில்லை. கேட்டால் மண்ணைக் கைகாட்டுவார். இனி நான் வேறு ஊரில் இருந்து எழுதுவேன். செடியைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்."

பெரியவள் மண் அள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"ம்" என்றாள்.

சின்னவள் இந்தத் தடவை பொத்தானைப் பார்த்து, மறுபடி பார்த்து, 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். கடிதம் வரிசையில் சேர்ந்தது. அங்கேயே நின்றது.

"போச்சா?" என்றாள் பெரியவள்.

"இல்லக்கா. யாராவது தளத்தைத் திறந்தாத்தான் போகும். ஒரு தடவை திறந்தா ஒண்ணு."

பெரியவள் இடுப்பிலிருந்து போனை உருவினாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, எதுவும் தெரியாதவள் என்று யாரும் சொல்ல முடியாத வேகத்தில் தளத்தைத் திறந்தாள். அவள் போனே 'டிங்' என்று கத்தியது. முதல் கடிதம் அவளுக்குத்தானே. மறுபடி திறந்தாள், ஒன்று போயிற்று. மறுபடி ஒன்று. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்று நடுகிற மும்முரத்தோடு ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சர்வர்காரர் கூப்பிட்டார். "மேடம், ஒரு யோசனை. என் பக்கத்துலேர்ந்து ஒரு கடிகாரம் வெச்சு விட்டுடறேன். அப்புறம் யாரும் தளத்தைத் திறக்கவே வேண்டாம். நீங்க எந்த ஊர்லேர்ந்து எழுதினாலும் கடிதம் தானாப் போயிடும். செய்யட்டுமா?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "தினம் மத்தியானம் திறக்கறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்காங்க."